‘ஏன் கையை உதறவில்லை?’ என்று அவனிடம் கேட்காதீர்கள்

வாசகி எழுதுகிறார்: டாக்டர் அம்மா, நாங்கள் டர்பனுக்கு வடக்கே ஃபீனிக்ஸில் குடியிருக்கிறோம். மூன்று வாரங்களுக்கு முன் வீட்டில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினோம். முற்றத்தை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவி, பந்தல் போட்டு, பின்கட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்து விளக்கு வைத்திருந்தோம். என் மகனுக்கு இருபது வயது. வெறுங்காலோடு போய் இரும்பு விளக்குக் கம்பத்தை நகர்த்தினான். கை அப்படியே ஒட்டிக்கொண்டது. கத்தக்கூட அவனால் முடியவில்லை. என் மைத்துனர் பிளாஸ்டிக் நாற்காலியால் கம்பத்தைத் தள்ளிய பிறகுதான் கீழே விழுந்தான். வலது உள்ளங்கையில் புளியங்கொட்டை அளவு காயம், இடது குதிகாலில் மிளகளவு கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான். அன்றிரவே மருத்துவமனையில் ஈசிஜி எடுத்து, நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இன்னும் மரத்துப்போகின்றன. படித்தது நிற்கவில்லை என்கிறான், சின்னப் பேச்சுக்கும் சிடுசிடுக்கிறான். உடம்பில் இன்னும் கரண்ட் தங்கியிருக்கிறது, மணலில் படுக்கவை என்கிறார் ஆயா. ஆண்பிள்ளை, கையை உதறியிருக்கலாமே என்கிறார்கள் உறவினர்கள். இத்தனை சிறிய காயத்துக்கு இவ்வளவு தொந்தரவு வருமா? இன்னொன்று: எர்த் லீக்கேஜ் சுவிட்ச் அடிக்கடி விழுந்துகொண்டே இருந்ததால், தெரிந்தவர் ஒருவர் இரண்டு மாதத்துக்கு முன் அதை விலக்கி நேர் இணைப்புக் கொடுத்தார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று என் கணவர் கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் உறவினர்கள் கேட்டதைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். உள்ளங்கைக் காயத்தைவிட அது ஆழமாக இறங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. வீடு நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கம்பத்தைப் பிடித்தபடி அசையாமல் நின்ற பையன் அவன். அந்த நேரத்தில் கையை விடும் அதிகாரம் அவனிடம் இல்லை. இந்தப் பகுதியை அவனையே படிக்கச் சொல்லுங்கள்.

நாம் விரலை மடக்குவதும் நீட்டுவதும் மூளை நரம்பு வழியே அனுப்பும் மிக நுண்ணிய மின் குறிப்பால்தான். நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய்வருவது. அது நரம்புக்குள்ளும் தசைக்குள்ளும் நுழைந்தால் மூளையின் குறிப்பை அமுக்கிவிட்டுத் தானே கட்டளையிடத் தொடங்கும். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே தசை தளர்வதற்கு நேரமே கிடைக்காது. முன்னங்கையில் விரல்களை மடக்கும் தசைகளும் விரிக்கும் தசைகளும் ஒரே சமயத்தில் இறுகும். மடக்கும் தசைகள் எப்போதும் வலுவானவை. அதனால் கை விரியாது, மூடும். மூடியது மேலும் மேலும் இறுகும். தேக பலம் இருப்பவரின் பிடி இன்னும் கெட்டியாகும். நெஞ்சைச் சுற்றியுள்ள தசைகளும் உதரவிதானமும் அதே போல இறுகிவிட்டால் மூச்சு இழுக்க முடியாது. மூச்சு இல்லாமல் குரல் எங்கிருந்து வரும்? அவன் கத்தாததற்குக் காரணம் அதுதான்.

இதற்கு அளவும் உண்டு. ஒரு மில்லி ஆம்பியர் அளவு மின்னோட்டம் விரல் நுனியில் சுருக்கென்று தெரியும். கையை விட முடியாமல் போகும் எல்லை ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு ஏறத்தாழ 10. குழந்தைகளுக்கு அதற்கும் குறைவு. 20, 30 என்று ஏறும்போது மூச்சுத் தசைகள் பிடித்துக்கொள்ளும். 50 முதல் 100 வரை போய், ஓரிரு நொடி நீடித்தால், இதயத்தின் கீழறைகள் ஒழுங்காகச் சுருங்குவதை விட்டுவிட்டுப் புழுக்கூட்டம் போல் நெளியத் தொடங்கலாம். அந்த நிலையில் இரத்தம் ஓடாது. இவை எல்லாமே ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. உங்கள் வீட்டுக் கெட்டில் தண்ணீர் கொதிக்க வைக்க எட்டு, ஒன்பது ஆம்பியர் எடுத்துக்கொள்கிறது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தம்பியின் கை ஒட்டிக்கொண்டது, மூச்சும் நின்றது என்றால், மின்னோட்டம் மூச்சைப் பிடிக்கும் எல்லையைத் தாண்டியிருக்கிறது. இதயத்தைக் குலைக்கும் எல்லைக்கு முன்னால் உங்கள் மைத்துனரின் நாற்காலி வந்து சேர்ந்தது.

அதே கம்பத்தை அவன் வேறொரு நாளில், உலர்ந்த கையோடும் ரப்பர் செருப்போடும் தொட்டிருந்தால் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு சிரித்திருப்பான். உலர்ந்த தோல் மின்சாரத்துக்குப் பெரிய தடை. காய்த்துப்போன உள்ளங்கையில் அந்தத் தடை பல பத்தாயிரம் ஓம் வரை இருக்கும். 50,000 ஓம் என்று வைத்துக்கொண்டால் 230 வோல்ட் அனுப்பக்கூடியது ஐந்து மில்லி ஆம்பியருக்கும் குறைவு. தோல் நனைந்துவிட்டால் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அதே 230 வோல்ட் இப்போது 230 மில்லி ஆம்பியர் வரை அனுப்ப முடியும். கழுவிய முற்றம், ஈரப் புல், விரதத்துக்காகச் செருப்பில்லாத கால், வேர்த்த கை. நம் வீட்டு விசேஷங்களில் இவை எல்லாம் ஒன்றாகக் கூடிவிடுகின்றன. கூழ் ஊற்றும் நாளும் காவடி நாளும் வரும்போது எனக்கு நெருப்பைவிட ஒயரைப் பார்த்தால்தான் வயிறு கலங்கும்.

அடுத்து, சிறிய காயம். மின்காயத்தைத் தோலில் தெரியும் அளவை வைத்து எடை போடாதீர்கள் என்று இளம் மருத்துவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறேன். உள்ளங்கையில் இருப்பது மின்சாரம் நுழைந்த இடம், குதிகாலில் இருப்பது வெளியேறிய இடம். இடையில் உள்ள கை, தோள், நெஞ்சு, வயிறு, தொடை அத்தனையும் அது நடந்துபோன பாதை. வலது கையிலிருந்து இடது கால் என்றால் பாதை நெஞ்சுக்கூட்டைக் கடந்துதான் போயிருக்கிறது. தோலில் இருப்பது வாசல்படியில் பட்ட அடி மட்டுமே.

1,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்கம்பிகளில் அடிபட்டு வருகிறவர்களிடம் இதன் முழு உருவத்தைப் பார்க்கலாம். மணிக்கட்டில் ஒரு கறுப்பு வட்டம், மேலே தோல் நன்றாகவே இருக்கும். ஆனால் கை கல் போல வீங்கிக்கொண்டே போகும். எலும்பு மின்சாரத்தை எளிதில் விடாது, அதனால் நன்றாகச் சூடேறும்; அந்தச் சூடு எலும்பை ஒட்டிய தசையை வேகவைக்கும். நம் தோட்டத்து அவகாடோ சில சமயம் வெளியே பச்சைப் பசேலென்று இருந்து, வெட்டினால் கொட்டையைச் சுற்றிக் கறுத்திருக்குமே, அப்படித்தான். வீக்கத்தை இறக்க தசை உறையை நீளக் கீறிவிட வேண்டும். தாமதித்தால் கையே போய்விடும். வெந்த தசையிலிருந்து மயோகுளோபின் என்ற பொருள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் இறங்குவது அதன் அடையாளம். வீட்டு மின்சாரத்தில் இது அபூர்வம்தான். ஆனாலும் தசைகள் நெடுநேரம் இறுகியிருந்தால் வரலாம். விபத்துக்கு அடுத்த இரண்டு நாட்களில் தம்பியின் சிறுநீர் எந்த நிறத்தில் இருந்தது என்று கேட்டு, மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அவனுடைய இப்போதைய தொந்தரவுக்கு வேறொரு வழி இருக்கிறது, அதற்குச் சூடே வேண்டியதில்லை. நரம்புச் செல்லும் தசைச் செல்லும் மெல்லிய சவ்வு போர்த்தியவை. வலுவான மின்புலம் அந்தச் சவ்வில் நுண்ணிய துளைகளைத் திறந்துவிடும். சில துளைகள் தானே மூடிக்கொள்ளும்; சில செல்கள் மீளாது. மின்சாரம் நரம்பின் வழியே எளிதாக ஓடும் என்பதால் உள்ளங்கையில் நுழைந்தது அங்குள்ள நரம்பைப் பிடித்துக்கொண்டு மேலேறும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் உணர்வு தருவது மணிக்கட்டின் நடுவே செல்லும் நரம்பு. மின்காயத்தில் அடிக்கடி பாதிக்கப்படும் நரம்புகளில் அதுவும் ஒன்று. ஆகவே மரத்துப்போவது அவன் கற்பனை அல்ல. மறதி, கவனக் குறைவு, தூக்கமின்மை, எரிச்சல் ஆகியவையும் வீட்டு மின்சாரத்தில் அடிபட்டவர்களிடம் பதிவாகியிருக்கின்றன. சில வாரங்கள் கழித்துத் தலைகாட்டுவதும் உண்டு. மூளைக்கும் நரம்புக்கும் நேர்ந்தது ஒரு பங்கு, சாவைத் தொட்டுவிட்டு வந்த பயம் ஒரு பங்கு. அந்தப் பயத்தின் மேல் “உதறியிருக்கலாமே” என்ற குத்தலும் சேர்ந்தால் எந்தப் பிள்ளைதான் சிடுசிடுக்காமல் இருப்பான்?

ஈசிஜி நன்றாக இருந்தது என்பது நல்ல செய்தி. வீட்டு மின்சாரத்தில் அடிபட்டு, மயக்கமடையாமல், மார்புவலி இல்லாமல், முதல் ஈசிஜியும் சரியாக இருந்தால், பிறகு திடீரென்று இதயம் நின்றுவிடும் ஆபத்து மிக மிகக் குறைவு. அன்றிரவு அவனை அனுப்பியது தவறல்ல. இரவில் எழுந்து எழுந்து அவன் மூச்சை நீங்கள் சோதித்துக்கொண்டிருந்தால், இனி தூங்கலாம்.

ஆனால் இந்த வாரமே மீண்டும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். “மூன்று வாரமாகக் கட்டைவிரல் மரத்திருக்கிறது, நினைவு தடுமாறுகிறது” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். நரம்பு மருத்துவரிடம் பரிந்துரை கேட்டு வாங்குங்கள். நரம்பு எவ்வளவு வேகத்தில் குறிப்பைக் கடத்துகிறது என்று அளக்கும் சோதனை அவனுக்கு வேண்டும். சிறுநீரக இரத்தப் பரிசோதனை ஒன்றும் செய்துவிடட்டும். காயம் பட்ட அன்று டெட்டனஸ் ஊசி போட்டார்களா என்று பாருங்கள். வலது கையைப் பக்கவாட்டில் மடக்கி வெளிப்பக்கம் திருப்ப முடிகிறதா என்றும் பாருங்கள். தசைகள் ஒரேயடியாக இறுகும்போது தோள் மூட்டு பின்பக்கமாக நழுவிவிடுவதுண்டு, சாதாரண எக்ஸ்ரேயில் அது கண்ணுக்குத் தப்பிவிடும். மற்ற மூட்டுகளில் வலி இல்லையென்றால் அவற்றை விட்டுவிடலாம்.

ஆயா சொன்னது. மின்சாரம் உடம்பில் தங்காது. கம்பத்திலிருந்து கை விடுபட்ட கணமே அது போய்விட்டது. மீந்திருப்பது அது செய்த சேதம் மட்டும். மணலில் படுக்கவைப்பதால் இப்போது கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் அடிபட்ட நேரத்தில் அந்த நம்பிக்கை உயிரை எடுத்துவிடும். மணலில் கிடத்தக் குழி தோண்டுவதற்குள் மூளைக்கு இரத்தம் இல்லாமல் ஐந்து நிமிடம் போய்விடும். உடம்பில் கரண்ட் இருக்கிறது என்று பயந்து யாரும் கிட்டே போகாமல் நிற்பதும் உண்டு. கோடை மதியங்களில் டிராக்கன்ஸ்பர்க் பக்கமும் ஜோகன்னஸ்பர்க் மேட்டுநிலத்திலும் மின்னல் தாக்கி விழுந்தவர்களுக்குக்கூட இதே கதிதான் நேர்கிறது. மின்னல் தாக்கியவரை உடனே தொடலாம், தொடத்தான் வேண்டும். அவர் உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. ஆயாவிடம் கோபமாகப் பேசாதீர்கள். பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தக் கையைத் தினமும் பிடித்துவிடச் சொல்லுங்கள். அந்தக் கைக்கு அதுவும் தேவைப்படுகிறது.

இனி உங்கள் கணவரின் கேள்வி. சம்பந்தம் உண்டு. அந்த ஒரு சுவிட்ச் தன் இடத்தில் இருந்திருந்தால் தம்பிக்குச் சுருக்கென்று ஒரு அடி விழுந்திருக்கும், விளக்கு அணைந்திருக்கும், கை விடுபட்டிருக்கும். அன்றைய கதை அங்கேயே முடிந்திருக்கும்.

வீட்டு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டி.பி. பெட்டியில் இருக்கும் மற்ற சுவிட்சுகள் ஒயரைக் காப்பதற்காக வைத்தவை. 20 ஆம்பியர் என்று எழுதியிருக்கும் சுவிட்ச், 20 ஆம்பியருக்கு மேல் ஓடினால்தான் விழும். மனிதன் சாக ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு போதும். அது அந்த சுவிட்சுக்குத் தெரியவே தெரியாது. எர்த் லீக்கேஜ் செய்வது வேறு வேலை. கடைக்காரர் கல்லாவை அடைக்கும்போது போனதையும் வந்ததையும் சரிபார்ப்பது போல, ஒரு ஒயரில் வீட்டுக்குள் போன மின்னோட்டமும் மற்ற ஒயரில் திரும்பி வந்ததும் சமமா என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், எங்கோ ஒரு உடம்பு வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று பொருள். நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஷாக் அடிக்காமல் அதனால் தடுக்க முடியாது. அடித்த ஷாக் இதயத்தை நிறுத்தும் அளவுக்கு நீடிக்காமல் தடுக்கும். போகும் ஒயரையும் திரும்பும் ஒயரையும் இரண்டு கையால் பிடித்தால் மட்டும் அது ஏமாந்துவிடும், ஏனென்றால் கணக்கு சரியாகவே இருக்கும்.

அந்தச் சுவிட்சுக்கும் இந்த நாட்டுக்கும் உள்ள உறவு நம்மில் பலருக்குத் தெரியாது. மனித உயிரைக் காக்கும் அளவுக்கு நுட்பமான எர்த் லீக்கேஜ் கருவி உலகத்தில் முதன்முதலில் உருவானது தென்னாப்பிரிக்காவில்தான். தங்கச் சுரங்கங்களில் மின்விபத்து பெரிய கவலையாக இருந்த காலம். அதற்கு முன்பிருந்த கருவிகள் பத்து ஆம்பியர் அளவு கசிந்தால்தான் விழித்துக்கொள்ளும். ஹென்றி ரூபின் என்ற பொறியாளர் 1955இல் அதை 250 மில்லி ஆம்பியருக்குக் கொண்டுவந்தார். அதோடு நிற்காமல் 1956இல் 20 மில்லி ஆம்பியருக்கும் கீழே இறக்கி ஒரு மாதிரிக் கருவியைச் செய்துவிட்டார். ஸ்டில்ஃபோன்டேன் என்ற தங்கச் சுரங்க ஊரில், வீட்டில் நடந்த மின்விபத்தில் ஒரு பெண் இறந்துபோனார். அதன் பிறகு, 1957, 1958இல், அந்த ஊரின் வீடுகளில் சில நூறு கருவிகளைப் பொருத்தினார்கள். அந்தப் பெண்ணுக்கு மிகவும் தாமதமாக வந்து சேர்ந்த கருவி அது. உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்தது. அதைத்தான் தெரிந்தவர் விலக்கிவிட்டார்.

அவர் கெட்ட எண்ணத்தில் செய்திருக்கமாட்டார். விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் யாருக்கும் பொறுமை போய்விடும். ஆனால் அது அடிக்கடி விழுந்ததே, எங்கோ கசிகிறது என்று அது உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்த செய்தி. டர்பன் ஈரக்காற்றில் வழக்கமாகக் கசியும் இடங்கள் சில: வெடித்துப்போன கெட்டில், கீசர் எலிமெண்ட், பழைய ஃபிரிட்ஜ், தண்ணீர் புகுந்த வெளிவிளக்கு, டேப் சுற்றி ஒட்டுப்போட்ட எக்ஸ்டென்ஷன் ஒயர். சுவிட்ச் விழுந்தால் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். எது செருகும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. பந்தலுக்கு இழுத்த அந்த ஒயர் அப்போதே பிடிபட்டிருக்கும் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

நாளைக்கே பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டு எர்த் லீக்கேஜை மீண்டும் இணைக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். அவர் வரும்வரை பின்கட்டு மின்சாரத்தைப் பயன்படுத்த வேண்டாம். பிறகு மாதம் ஒருமுறை அந்தச் சுவிட்சில் இருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். கைப்பிடி டப்பென்று விழ வேண்டும்.

உங்கள் மைத்துனரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெறும் கையால் பையனைப் பிடித்து இழுத்திருந்தால் இரண்டு பேரும் ஒட்டியிருப்பார்கள். அவர் நாற்காலியைத் தேடினார். மெயின் சுவிட்ச் எட்டும் தூரத்தில் இருந்தால் அதை இறக்குவதே முதல் வேலை. இல்லாவிட்டால் உலர்ந்த மரமோ பிளாஸ்டிக்கோ. தெருவில் அறுந்து விழுந்த கம்பியென்றால் நாற்காலியும் உதவாது. பத்து மீட்டராவது தள்ளி நின்று மற்றவர்களையும் நிறுத்துங்கள், ஏனென்றால் அங்கே தரையே மின்சாரம் சுமந்திருக்கும். விடுபட்டவர் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தால் 10177 அல்லது கைப்பேசியில் 112 அழைக்க ஒருவரை விட்டுவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் அமுக்கத் தொடங்குங்கள். நிமிடத்துக்கு நூறுக்கும் நூற்றிருபதுக்கும் இடையில், ஆம்புலன்ஸ் வரும்வரை. நெளியும் இதயத்தை மீட்பது அவர்கள் கொண்டுவரும் டிஃபிபிரிலேட்டர்தான். அதுவரை மூளையை உயிரோடு வைத்திருப்பது உங்கள் கை.

வீட்டில் கர்ப்பிணி இருந்து அவருக்குச் சிறிய ஷாக் அடித்தாலும் குழந்தையின் துடிப்பைப் பார்க்க அன்றே கொண்டுபோக வேண்டும். ஒயரைக் கடித்த சிறு குழந்தைக்கு உதட்டோரம் வெந்திருந்தால், பொருக்கு உதிரும்போது, ஒன்றிரண்டு வாரம் கழித்துக்கூட, இரத்தம் பீறிடலாம். இந்த இரண்டையும் கேட்காமலே சொல்கிறேன், உங்கள் கூழுக்கு வந்தவர்களும் இதைப் படிக்கக்கூடும்.

தம்பி படிக்கிறான் என்று தெரிகிறது. வலது கையால் எழுதுகிறவன் என்றால், நரம்புச் சோதனை முடிவோடு மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி, தேர்வில் கூடுதல் நேரம் தரும்படி கல்லூரியில் கேளுங்கள். இத்தகைய மரத்துப்போதல் பலருக்குச் சில மாதங்களில் குறைகிறது. குறைகிறதா, கூடுகிறதா என்று வாரம் ஒருமுறை ஒரே பேனாவால் ஒரே பத்தியை எழுதிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தத் தாள்களையும் சோதனை முடிவையும் எனக்கு அனுப்பிவையுங்கள்.